இரண்டாயிரத்துக்குள் ஒரு ஹெலிகாப்டர்

திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைச்சல். யூடியூபில் எதையாவது பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் நடத்துகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். போன வருடம் மதுரையில் மொத்தமாக வாங்கிய பொம்மை ஹெலிகாப்டர்களை ஓர் அலமாரியில் அடுக்கிவைத்த பிறகு அந்தத் தொந்தரவு கூடிப்போனது. அரைமணி நேரம் ரிமோட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். ஆன்லைனில் நூறு ரூபாய் குறைவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அய்யம்மாளையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிற கை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அண்ணே, ரிமோட்டு எலிகாப்டர் இருக்காண்ணே? ரெண்டாயிரத்துக்குள்ள வேணும்."

"பையன் எத்தனாவது படிக்கான்?"

"பையனுக்கு இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். அவள் புருஷன் முனியராஜ் வெடிமருந்து கலக்குகிறவர். பட்டாசு வேலையிலேயே கூலி கூடுதலும் ஆபத்து கூடுதலும் அதில்தான். போன வைகாசியில் கலவை பற்றிக்கொண்டதில் இரண்டு கையும் வெந்துபோயின. உயிர் பிழைத்தார். ஆனால் ஆறிய தோல் இழுத்துக்கொண்டு பத்து விரலும் உள்பக்கமாக மடங்கிவிட்டன. சோறு அவள்தான் ஊட்டுகிறாள். வேட்டி அவள்தான் கட்டிவிடுகிறாள்.

"வெரலுக்குத் தெனமும் வேலை குடுக்கணும், இல்லன்னா இப்படியே நின்னுரும்னு ஆசுபத்திரில சொல்லிட்டாகண்ணே. ரப்பர் பந்து குடுத்தாக. சுவத்துல விட்டெறிஞ்சிட்டாரு. களிமண்ணு வாங்கிக் குடுத்தேன், அதையும் தொடல. சுவத்தப் பாத்தே படுத்துக் கெடக்காக. போன வாரம் எம்மக ஓவியா போன்ல எலிகாப்டர் விடுற வீடியோ பாத்துக்கிட்டிருந்தா. அவுக எந்திரிச்சு ஒக்காந்து முழுசாப் பாத்தாக. எட்டு மாசத்துல அவுகளா எந்திரிச்சு ஒக்காந்தது அன்னைக்கித்தாண்ணே."

அலமாரியிலிருந்து மூன்றை இறக்கினேன். முதலாவது எழுநூறு ரூபாய். ரிமோட் கிடையாது, உள்ளங்கையைக் கீழே காட்டினால் மேலே எழும்பும். இரண்டாவது ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஏறிய உயரத்தில் தானாகவே நிற்கும். புதிதாக வாங்குகிற எவருக்கும் அதைத்தான் கொடுப்பேன், சுவரில் மோதி உடைந்துபோகாது. மூன்றாவது இரண்டாயிரத்து இருநூறு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. சாயாமல் இருக்க உள்ளே கருவி உண்டு, ஆனால் உயரத்தை நாம்தான் பிடித்துவைக்க வேண்டும். இடது கட்டைவிரலால் ரிமோட்டிலுள்ள நெம்பை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்காவிட்டால் கீழே விழுந்துவிடும். ஒற்றை இறக்கை ரகத்தை நான் காட்டவே இல்லை. அது விலையும் கட்டாது, பழகுவதற்குள் நாலு தடவை நொறுங்கும்.

"ரெண்டாவத எடுத்துக்கோம்மா. சுலபம்."

அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுலண்ணே வெரலுக்கு வேலை சாஸ்தி?"

எது கஷ்டம் என்று கேட்டு வாங்க வந்த முதல் ஆள் அவள்தான். என் எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "மூணாவதுலதான். ஆனா அவரு கட்டைவிரல் எம்புட்டு அசையும்? ரிமோட்டு கையில நிக்குமா?" என்றேன். அவளுக்கு அது சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். மடியிலிருந்து ஒரு காகிதக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பழைய காலண்டர் தாளில் உருட்டியது. குழாய் உருட்டுகிறவளுக்கு வேறு எந்த அளவுகோல் வேண்டும்? பல பருமனில் உருட்டி, முனியராஜ் தூங்கும்போது ஒவ்வொன்றாக அவர் கைக்குள் செருகிப் பார்த்திருக்கிறாள். நழுவாமல் நின்ற பருமன் இது. குழாயின்மேல் பேனாவால் இரண்டு கோடு இருந்தது. கட்டைவிரலைத் தள்ளினால் இங்கே வரைக்கும் போகும், விட்டால் இங்கே திரும்பிவரும் என்று காட்டினாள்.

மூன்று ரிமோட்டையும் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவதின் பிடி சரியாக இருந்தது. நெம்பு கோட்டைத் தாண்டி ஒரு நெல் அளவுதான் போயிற்று. அந்த ஒரு நெல்தான் அவர் விரல் நீள வேண்டிய தூரம் என்று நான் பெரிய மேதாவிபோல் விளக்கினேன். ரிமோட்டைத் திறந்து நெம்பின் ஸ்பிரிங்கைத் தளர்த்திக் கொடுத்தேன். இருநூறு ரூபாயைக் குறைத்து, உபரி இறக்கை இரண்டு ஜோடியும் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குக் கடையைப் பூட்டும்போது என்னை எனக்கே பிடித்திருந்தது.

புருஷனிடம் நேராக நீட்டியிருந்தால் அதுவும் சுவருக்குத்தான் போயிருக்கும். அய்யம்மாள் விவரமானவள். வாசலில் தானே விடுவதுபோல் வேண்டுமென்றே முருங்கை மரத்தில் மோதினாள், தண்ணீர்த் தொட்டியில் மோதினாள். மூன்றாவது மோதலில் உள்ளேயிருந்து சத்தம் வந்திருக்கிறது. "ஏட்டி, காசு என்ன மரத்துலயா காய்க்கி? குடு இங்கன."

இறக்கை மாற்றித் தரச் சொன்னதால் சித்திரையில் நானே ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முனியராஜ் ரிமோட்டை எடுப்பதற்கு முன் இரும்புக் கேட்டை ஒருமுறை தொட்டார். மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள கரண்ட் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை என்று அவரே சிரித்தார். ஏழு நிமிடம் பறக்கவிடுவது, நாற்பது நிமிடம் சார்ஜ் போடுவது, மறுபடியும் ஏழு நிமிடம். பொழுதுக்கும் இதுதான் வேலை. நான் விட்டால் அந்த வண்டி கள் குடித்ததுபோல் ஆடும். அவர் கையில் நின்ற இடத்தில் நின்றது.

"மருந்து சலிச்ச கைண்ணே. அழுத்தக் கூடாது. அழுத்துனா ஆளு இல்ல" என்றார்.

ஆனியில் தம்ளரைத் தானே தூக்கிக் குடித்தார். ஆடியில் சட்டைப் பொத்தானைப் போட்டார். ஒவ்வொன்றையும் அய்யம்மாள் போன் போட்டு எனக்குச் சொல்வாள். வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டுக் கேட்பேன். பத்து விரலில் எட்டு நேராகிவிட்டன.

ஆவணியில் கம்பெனி போர்மேன் பெத்தணன் மகளுக்குக் காதுகுத்துப் பத்திரிகை வைக்க அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கவிழ்த்துவைத்த குடத்தின்மேல் முனியராஜ் ஹெலிகாப்டரை இறக்குவதை நின்று பார்த்தாராம். "ஏலே முனியராசு, கைதான் வந்துருச்சில்லலே. சீசன்ல மருந்துக்கு ஆள் இல்லாம லாந்துறேன். வா."

அந்த வாரமே அய்யம்மாள் அரைக்கிலோ காராச்சேவு பொட்டலத்தோடு கடைக்கு வந்தாள். "அவுக வேலைக்குப் போறாகண்ணே. எல்லாம் ஒங்களாலதான்."

"என்ன வேலைக்கும்மா?"

"மருந்துதாண்ணே. அவுகளுக்கு வேற என்ன தெரியும்? வேண்டாம்னுதான் சொன்னேன். பொண்டாட்டி கையால ஒரு வருசம் தின்னது போதும்னுட்டாக."

அவள் முகத்தில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நான் அந்தச் சந்தோஷத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன். சேவை வாயில் போட்டுக்கொண்டு, பார்த்து இருக்கச் சொல் என்றேன். எல்லோரும் சொல்வதுதான். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். ஊரில் பாதி வாய்ச்சண்டை என்னுடையது, அன்றைக்குப் பார்த்து வாய் சேவு தின்றது.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்துவிட வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடும். ஏழரைக்கு நான் கடை ஷட்டரைத் தூக்கும்போது சத்தம் கேட்டது. இங்கே சத்தம் கேட்டால் யாரும் ஓடமாட்டோம், முதலில் போனை எடுப்போம். எந்தப் பக்கம், எந்தக் கம்பெனி, யார் யார் உள்ளே. மூன்றாவது அழைப்பிலேயே பெயர் தெரிந்துவிட்டது. மருந்து அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

எடுத்துவந்ததைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பத்தாம் நாள் கழிந்து அய்யம்மாள் கடைக்கு வந்தாள். கையில் முனியராஜின் போன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். அதனால் அது கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"சாமி கும்புட ஒரு படம் போடணும்ணே. இதுல இருந்தா எடுத்துத் தாங்க."

திறந்து பார்த்தேன். ஓவியா எடுத்த வீடியோக்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் ஆகாயமும் ஹெலிகாப்டரும்தான். அவர் முகம் ஒன்றிலும் இல்லை. ஒன்றில் மட்டும் அவர் குரல் கேட்டது. "இந்தா, எறக்கிட்டேன் பாரு" என்று சொன்னது. இருவரும் அதை இரண்டு தடவை கேட்டோம். பிறகு அடியில் எங்கோ ஒரு கல்யாண வீட்டுப் படம் கிடைத்தது. அதில் அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கினேன்.

காசு எவ்வளவு என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுந்தவள் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க மேல வருத்தம் இல்லண்ணே. நாந்தான் அளவெடுத்தேன், நாந்தான் கேட்டு வாங்குனேன்" என்றாள். படியிறங்கும்போது நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இருந்தாலும், மட்டமானதா ஒண்ணத் தந்திருக்கலாம்லண்ணே. கை மடங்குனபடியே வீட்ல கெடந்திருப்பாக. நான் ஊட்டிவிட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."