டாக்டரம்மாவின் டம்பர்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய பாஸ் இருக்கிறது. சுரங்கத்துக்குள் வண்டி ஓட்டிப்போக அந்தக் காலத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டு. மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறையோடு இருக்கும் அந்தக் காகிதத்தில், 'வாகனத்தின் வகை' என்ற இடத்தில் நீல மையில் 'டம்பர்' என்று எழுதியிருக்கிறது. டம்பர் என்றால் சுரங்கத்து மண்ணை ஏற்றிக்கொண்டு வரும் ராட்சத லாரி. அதன் சக்கரமே என் தோள் உயரம் இருக்கும். ஆனால் இந்தப் பாஸை வாங்கிய வண்டியோ, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய குட்டி சிவப்புக் கார். நானும் இன்னொரு ஆளும் பின்பக்கம் பிடித்துத் தூக்கினால் சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிடும். பார்க்கிறவர்கள் எல்லாம், எந்தக் குமாஸ்தாவோ தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டான் என்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். இன்றைக்கு ஆறினால் ஆறட்டும்.

அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியில் பாதி குவார்ட்டர்ஸில் சுண்ணாம்பு வாசனையே இன்னும் போயிருக்கவில்லை. நான் முத்தாண்டிக்குப்பத்துக்காரன். கான்ட்ராக்டில் மண் சுமக்கப் போய், டீசல் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகி, பர்மனென்டும் ஆகியிருந்தேன். அந்தத் திமிர் உடம்பில் கொஞ்சம் இருந்தது. டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கம். கிட்டத்தட்ட என் வயதுதான். ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தபோது எல்லாரையும் போல ரயிலில் வராமல், அப்பா விட்டுப்போன அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியவர். காரை ரிப்பேர் பார்க்க என்னிடம் கொண்டு வந்த ஒருநாள், வழியில் எத்தனை இடத்தில் நின்றது என்று கேட்டேன். "எண்ணலை ஃபிட்டர். எண்ணியிருந்தா வந்து சேந்திருக்க மாட்டேன்" என்றார். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும் மனுஷி.

வாரத்தில் ஒரு நாள், நிலக்கரிக்காகத் திறந்தவெளியில் பெரும்பள்ளமாக வெட்டிய சுரங்கத்தின் அடியில் இருந்த முதலுதவிக் கொட்டகையில் அவருக்கு வேலை. மேலிருந்து அடிவரை வளைந்து இறங்கும் மண் பாதையை நாங்கள் ராம்ப் என்போம். அதில் ஒரு சட்டம் உண்டு. லோடு ஏற்றி வரும் வண்டிக்குத்தான் வழி. காலி டம்பர் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும். ஜீப்பும் காரும் டம்பர் எதுவானாலும் ஒதுங்கி நிற்க வேண்டும். லோடு வண்டியை ஏற்றத்தில் நிற்க வைப்பது எங்கள் ஊரில் பாவம். டாக்டரம்மாவின் கார் அந்தப் பாவத்தை ஒரே நாளில் ஐந்து மடங்காகச் செய்தது. ராம்பின் வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட, பின்னால் லோடோடு ஏறி வந்த ஐந்து டம்பர்களும் நின்றன. முதல் டம்பரின் டிரைவர் குள்ளஞ்சாவடிக்காரர். ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே, "ஏம்மா, பொம்மைய வூட்ல வெச்சிட்டு வரக் கூடாதா? இங்க மனுசன் பொழப்பு நடந்துகினு இருக்குது" என்று கத்தினார். மறுநாளே சுரங்க மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். டாக்டர் இனிமேல் ஜீப்பில்தான் வர வேண்டும்.

ஜீப்போ, கூப்பிட்டால் வேறு எங்காவது போயிருக்கும். ஒருநாள் கன்வேயர் உருளையில் விரல் நசுங்கிய ஒரு ஆள் கீழே காத்துக் கிடந்தான். டாக்டரம்மா ஆஸ்பத்திரி வாசலில் பையோடு நின்றார். ஜீப் வந்து, இவர் போய்ச் சேர்ந்தபோது விரலைக் காப்பாற்ற முடியவில்லை. சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்தவர் சிரிக்கவில்லை. "என் கார் அங்கேயே வாசல்ல நின்னுச்சு ஃபிட்டர்" என்றார். அவர் நேரே மேனேஜரிடமும் போயிருக்கிறார். மேனேஜர் மதுரைக்காரர், ஆள் இரண்டு ஆள் கனம். "அடியில இருந்து மேல வரைக்கும் ஒருத்தரை ஏத்திக்கிட்டு, நிக்காம வந்து காட்டுங்க. பாஸ் தர்றேன். நின்னுருச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை. அதற்கு ஒரு மாதம் தவணை.

இஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றினேன், வால்வைத் தேய்த்தேன். இருமல் நின்றது, மூச்சு மட்டும் போதவில்லை. அப்போதுதான் டம்பர் இஞ்சினில் இருக்கும் டர்போ ஞாபகம் வந்தது. சுருண்ட ஓடு மாதிரி இருப்பதால் நாங்கள் அதை நத்தை என்போம். வெளியே போகிற புகை அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை இஞ்சினுக்குள் திணிக்கும். புதிதாக வாங்க நம்மால் ஆகுமா? கம்பெனியின் கழிவுச் சாமான் ஏலத்துக்குப் போனோம். அங்கே நத்தையை மட்டும் தனியாகக் கொடுக்க மாட்டார்களாம், குவியலாகத்தான் எடுக்க வேண்டுமாம். அப்படியே குவியலாக எடுத்தோம். டாக்டரம்மா குவார்ட்டர்ஸ் வாசலில் உடைந்த மின்விசிறிகளும், கால் போன நாற்காலிகளும், துருப்பிடித்த வாளிகளும் மலையாகக் கிடந்தன. வீட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் அந்த நாற்காலிகளில் சாய்ந்தும் சரிந்தும் உட்கார்ந்திருப்பார்கள்.

குவியலில் இரண்டு நத்தைகள் இருந்தன. ஒன்று பெரியது, டம்பரில் இருந்து கழற்றியது. இன்னொன்று ஏதோ சின்ன பம்ப் இஞ்சினுடையது, ஓட்டில் விரிசல். நான் எதை எடுத்திருப்பேன் என்று கேட்கவே வேண்டாம். வீடு உயரத்துக்கு மண்வெட்டும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவனுக்குப் பெரியதுதானே கண்ணில் படும்! பத்து நாள் பாடுபட்டுப் பொருத்தினேன். பானெட் மூடவில்லை. கார் முன்பக்கம் தாழ்ந்துபோய், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டது போல நின்றது. இஞ்சினை முறுக்கினால் நத்தை அசையவே இல்லை. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து அதன் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "துடிப்பே இல்லையே. இது எந்த அளவு இஞ்சினுக்கு உள்ளது?" என்றார். சொன்னேன். "நம்ம இஞ்சின் எவ்வளவு?" அதையும் சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, "ஃபிட்டர், பச்சைப் பிள்ளைக்குப் பயில்வான் டோஸைக் குடுத்திருக்கீங்க" என்றார். அதன் பிறகு ஒர்க்‌ஷாப் முழுக்க ஒரு வாரம் என்னைப் பயில்வான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சின்ன நத்தையின் விரிசலை ஒட்ட வேண்டும். வார்ப்பிரும்பு கோபக்காரப் பண்டம். சூடாக்கி ஒட்டியதும் சட்டென்று ஆறினால் மறுபடி வெடித்துவிடும். எங்களுக்கு அதற்கு வழி தெரியும். பழுப்பு நிலக்கரித் தணலில் பழுக்கவைத்து ஒட்டி, சுடுசாம்பலுக்குள் புதைத்துவிட்டு, இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் எடுத்துச் சுண்டினேன், கணீரென்றது. பொருத்தி, டவுன்ஷிப்பின் நீளமான ரோட்டில் ஓட்டினோம். கொஞ்ச தூரம் சும்மா போனது. பிறகு பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் கிளம்பியது. அவ்வளவுதான், முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போனவர்கள் எல்லாரும் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். ஆனால் ஒரு குறை. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் நத்தை தூங்கிவிடும், மறுபடி எழுப்ப நேரமாகும். டாக்டரம்மாவோ நிதானமாக ஓட்டுகிறவர், வளைவு வந்தாலே காலை எடுத்துவிடுவார். "ராம்ப் வளைவில மட்டும் எது வந்தாலும் கால எடுக்காதீங்கம்மா" என்று தினமும் மந்திரம் மாதிரி ஓதினேன்.

அந்த நாள் வந்தது. அடியில் காரைத் திருப்பி நிறுத்தி, நான் பக்கத்தில் ஏறப் போனேன். மேனேஜர் என்னைத் தள்ளிவிட்டு, "ஏற்றத்தை நான்ல பாக்கணும்?" என்று தானே கதவைத் திறந்து உட்கார்ந்தார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டாக்டரம்மா செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணை மூடிச் சிரித்துவிட்டுக் கிளம்பினார். நான் குறுக்கு வழியாகக் கரையேறி வளைவுக்கு ஓடினேன். விசில் நெருங்கி வந்தது. கார் தம் பிடித்து வந்துகொண்டிருந்தது. அப்போது மேலேயிருந்து ஒரு காலி டம்பர் வளைவில் திரும்பியது. சட்டப்படி கார்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். நின்றால் தீர்ந்தது கதை. டம்பரில் குள்ளஞ்சாவடிக்காரர். டாக்டரம்மா காலை எடுக்கவில்லை. ஹாரனும் கேட்கவில்லை. அந்தப் பெரிய உருவம் மெதுவாகக் கரையோரம் ஒதுங்கி, நின்று, டிரைவரின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு, போ என்று காட்டியது. சிவப்புக் கார் விசிலடித்துக்கொண்டு அதன் நிழலைத் தாண்டி மேலே போய்விட்டது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜர் அந்த டிரைவரைக் கூப்பிட்டு விட்டார். நாங்களும் அங்கேதான் நின்றோம். "கார்தானய்யா ஒதுங்கணும்? நீ ஏன் ஒதுங்கின?" என்று அதட்டினார். குள்ளஞ்சாவடிக்காரர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பவ்யமாக, "ரூலுதாங்க பார்த்தேன். லோடு வண்டி ஏறிகினு வந்திச்சு, காலி வண்டிய ஒதுக்கிட்டேன்" என்றார்.

"அது லோடு வண்டியா?"

"நீங்க குந்திகினு இருந்தீங்களே சார். அப்புறம் எப்பிடிங்க அத்தக் காலி வண்டின்றது?"

மேனேஜரின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து பாஸை எடுத்தார். வாகனத்தின் வகை என்ற இடத்தில் 'டம்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, "இனிமே எவனும் உங்களை ஒதுங்கச் சொல்ல முடியாது, போங்க" என்று டாக்டரம்மாவிடம் நீட்டினார். வெளியே வந்ததும் நான் குள்ளஞ்சாவடிக்காரரைத் தனியாகக் கேட்டேன், அன்றைக்கு அப்படிக் கத்தினவருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த வெரல் போனவன் என் மச்சாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் எத்தனையோ பேரை மேலே கொண்டுவந்து சேர்த்தது. தூரத்தில் விசில் கேட்டாலே டம்பர்கள் ஒதுங்கிவிடும். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது டாக்டரம்மா இந்தப் பாஸை என் கையில் கொடுத்தார். "காரை நான் கொண்டு போறேன். டம்பரை நீங்க வெச்சுக்கோங்க ஃபிட்டர்."

அந்த ராம்ப் இப்போது இல்லை. சுரங்கம் நகர்ந்து, அந்தக் குழியை மண் போட்டு மூடி, மேலே மரம் வளர்ந்து நிற்கிறது. போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியில் எதிரே வந்த லாரி ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்றது. பக்கத்தில் இருந்த நர்ஸ் பிள்ளை, "பரவாயில்லையே, லாரிக்காரன் வழி விடறான்" என்றது. "லோடு வண்டிக்கு விட்டுத்தான்மா ஆகணும்" என்றேன். தாத்தாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருக்கும், கையைப் பிடித்து நாடி பார்த்தது. நெஞ்சு வலியோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக மேசைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அந்த நீல எழுத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.