லாரிக்குக் கண் வரைந்த அன்புக்கரசி

திருவொற்றியூரில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அன்புக்கரசி, திருஷ்டிக்காக முகப்பில் இரண்டு கண் வரையாமல் எந்த வண்டியையும் அனுப்பமாட்டாள். ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் வியட்நாம் வீரர்களுக்கு இந்தியா கொடுக்கும் வெள்ளை லாரிகளில் முதல் வண்டியிலும் பழக்கதோஷத்தில் வரைந்துவிட்டாள்.

"இன்னாக்கா, ராணுவ வண்டிக்கு முழி வச்சிகீற! மீதி வண்டிங்கோ நம்ம கைக்கு வராது, போ!" என்று தலையில் கைவைத்தான் மேஸ்திரி ஜேக்கப்.

பார்வையிட வந்த வியட்நாம் அதிகாரி சிரித்துவிட்டார். அவர் ஊரில் மீன்பிடிப் படகுகளுக்குக் கண் வரைவார்களாம். ஆனாலும் அமைதிப்படை வண்டிக்கு வெளியே வெள்ளை நிறமும் ஐ.நா. எழுத்தும் மட்டும்தான் இருக்கலாம். அதனால் ஓட்டுநர் கதவைத் திறந்து உட்புறத்தைக் காட்டி, கண்ணை அங்கே வரையச் சொன்னார். மீதி வண்டிகளுக்கும் அவளே பெயிண்ட் அடிக்கட்டும் என்றார்.

"அப்ப எல்லா வண்டிக்கும் முழி உள்ளதான்க்கா, மறந்துடாத!" என்றான் ஜேக்கப்.