மாமாவின் கைக்குக் கீழே இருந்த அட்டை

காலை ஆறு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது இரண்டு மஞ்சள் விளக்குகள். பனிமூட்டத்தில் ஜீப் தெரியவில்லை. அதிலிருந்து இறங்கிய போலீஸ்காரர் என் கணவர் செல்வராஜின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

அன்று ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவர் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். அதற்கு மூன்று மாதம் முன்பு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுதினார். விசுவாசி பொய் எழுதலாமா? குடியுரிமைக்குக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் இல்லை. அந்நியர் சட்டத்தில் வழக்குப் பதிந்து, மலைக்குக் கீழே உள்ள சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

காகிதம் இருந்தது. அது எங்கே போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மாமனார் இந்தியக் குடியுரிமை பெற்று, இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை அது. பிறகு இந்த மலையில் தோல் பதனிடுவதற்கான சவுக்குப் பட்டை உரிக்கும் வேலைக்கு வந்தார். அட்டையைத் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றி வைத்திருப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகல், கேக் வேகும் வாசனையில், அதை விரித்து எல்லாப் பெயரையும் சத்தமாக வாசிப்பார். கடைசியில், "செல்வராஜ், மகன், வயசு நாலு" என்பார். மீசை வைத்த என் கணவரைப் பார்த்து, "இவனுக்கு இன்னும் நாலு வயசுதான் புள்ள, சோறூட்டி விடு" என்பார். வீடே சிரிக்கும். இப்போதும் கேக் வாசனை வந்தால் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

கடலுக்கு அந்தக் கரையிலிருந்து வந்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் பொத்திப் பாதுகாத்த பொருளைச் சவப்பெட்டிக்குள் அவரோடு வைப்பார்கள். மாமா இறந்த அன்று மாமியார் சொன்னார்: "அது அவரு கூடவே போவட்டும். நமக்கு இனி எதுக்கு?" என் கையால்தான் வைத்தேன். ஈயத்தாளைப் பிரித்து, பெயர் மேலே தெரிகிற மாதிரி, மாமாவின் வலது கைக்குக் கீழே. பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. மாமியாரும் இப்போது இல்லை.

சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் கணவர் கேட்டது ஒன்றுதான். "என்னையக் கப்பலேத்தி அனுப்பிருவாங்களா? அங்க எனக்கு யாரத் தெரியும்?"

வக்கீல் வைக்க வழியில்லை. சபையில் ஒரு அக்கா, "சட்ட உதவிக்கு எழுதிக் குடு. காவல்ல இருக்கிறவங்களுக்கு இலவசமா வக்கீல் உண்டு" என்றார். கன்னிவாடியைச் சேர்ந்த ஒரு பெண் வக்கீல் வந்தார். நெற்றியில் விபூதி இருந்தது.

"வெளிநாட்டுக்காரரா இருந்தாலும் வக்கீல் உண்டுங்க. பெயில் கேக்கவும் உரிமை இருக்கு. ஆனா இந்தக் கேஸுல, நான் அந்நியன் இல்லன்னு நாமதான் காட்டணும். வாசிச்சுப் பாக்காம எதுலயும் அவரக் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லிட்டேன். அட்டை நம்பர் தெரியுமா?"

தெரியாது. அட்டை மாமாவோடு போனதைச் சொன்னேன். மாவட்ட அலுவலகத்தில் பழைய பதிவேடு இருக்கிறது, எண் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். சபை மூப்பர் ஒருவர், "அனுமதி வாங்கித் தோண்டிப் பாப்போமா?" என்றார். பக்கத்திலிருந்தவர் சொன்னார்: "நம்ம மலை மழையில எலும்பே மிச்சம் இருக்காது. அட்டை இருக்குமாக்கும்!"

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, நான் புதைத்ததை நீரே எடுத்துத் தாரும்" என்று மட்டும் சொன்னேன். அதையே மத்தியானம் வரை சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வக்கீல் போன் செய்தார். "ஏங்க, உங்க ஆளுங்க பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி சுத்தி நின்னு போட்டோ எடுப்பீங்கள்ல?"

டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தப் போட்டோ கவிழ்ந்து கிடந்தது. சாய்த்து வைத்த சவப்பெட்டிக்குள் மாமா. சுற்றிலும் நாங்கள். அவர் விரல்களுக்குக் கீழே அட்டை. எண் இருந்தது, கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதை எடுத்த மூஞ்சிக்கல் கடைவீதி ஸ்டூடியோக்காரர் பழைய நெகட்டிவை எல்லாம் பிஸ்கட் டின்களில் வைத்திருந்தார். மூன்றாவது டின்னில் கிடைத்தது.

"கல்யாணப் போட்டோவத்தாங்க பெருசாக்கச் சொல்லி வருவாங்க. இதுக்கு நீங்கதான் மொத ஆளு" என்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கி எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மாமாவின் கட்டைவிரல் எதையும் மறைக்கவில்லை. நான் கடையிலேயே முழங்காலிட்டேன்.

எண்ணைக் கொடுத்ததும் பதிவேட்டின் நகல் வந்தது. கடைசி வரி: செல்வராஜ், மகன், வயது நான்கு. அந்த வாரமே பெயில் கிடைத்தது. நான்கு மாதம் கழித்து நீதிமன்றம் அவரை விடுவித்தது.

முன்பு நான் ஜெபித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். இப்போது ஜெபித்துவிட்டு எழுந்து போய் மனு எழுதுகிறேன். எங்களைப் போல வந்தவர்களின் வீடுகளுக்கு அந்த வக்கீலை அழைத்துப் போகிறேன். பிரியமானவர்களே, உங்கள் வாசலிலும் ஒருநாள் விளக்கு வெளிச்சம் வந்து நிற்கலாம். பயப்படாதிருங்கள். கேளுங்கள். அவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறங்கள்.

மாமாவின் கல்லறையை யாரும் தோண்டவில்லை. அட்டை அவர் கைக்குக் கீழேதான் இருக்கிறது.