மூன்றாவது ஆள்

போன வாரம் காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவன், பைபாஸ் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஹெல்மெட் மாட்டிய ஏழெட்டுப் பையன்கள் சைக்கிளில் சர்ரென்று போனார்கள். அதில் ஒருவன் மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். பின்னால் குண்டாக ஒரு பையன் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு வந்தான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அன்று பூராவும் மூக்கில் சுறா எண்ணெய் நாற்றம். நாங்களோ சைவம்!

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்தேன். கப்பலில் ஏறி இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. கூட இரண்டு பேர். தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை சேவியர், காயல்பட்டினத்துக் காதர். அந்த வருஷம் யாரோ ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். இதுவரை பந்தயமே ஓட்டாதவர்களுக்கு மட்டும். பழைய துறைமுகத்திலிருந்து ஆறுமுகநேரி வரை, மூன்று பேர் ஓர் அணி. அதில் ஒரு கொக்கி இருந்தது. மூன்றாவது ஆள் எப்போது கோட்டைத் தொடுகிறானோ அதுதான் அணியின் நேரம். முதல் ஆள் பறந்து வந்தாலும் பிரயோஜனமில்லை.

"முடியிற எடத்துல எங்க வாப்பா வந்து நிப்பாங்க" என்றான் காதர். "அடுத்த வாரம் நான் துபாய்க்குப் போயிருவேன். ஒரு தடவயாச்சும் நான் செயிச்சு வாரத அவங்க பாக்கணும்லே."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்களில் மூன்றாவது ஆள் யார் என்பது ஆபீசுக்கு டீ கொண்டுவரும் அண்ணாச்சிக்குக்கூடத் தெரியும். பாரம் குறையட்டும் என்று கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றினோம். நான் பெல்லையும் கழற்றினேன். தொப்பையைக் கழற்றத்தான் வழி தெரியவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் சேவியர் ஒரு பாட்டிலோடு வந்தான். தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெய். "தோணியே இதப் பூசித்தாம்ல உப்புத்தண்ணில கெடக்கு. செயினுக்கு ஆகாதா?" கடற்கரைக்காரன் சொன்னால் எங்களுக்கு மறுபேச்சு ஏது? பூசுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காதர் வண்டிக்கு மட்டும் இரண்டு மடங்கு. பிரியத்தில்தான். மரத்தில் ஊறுகிற எண்ணெய் இரும்பில் பிசினாக நிற்கும் என்பது மூன்று மேதைகளில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை முள்ளக்காடு உப்பளம் தாண்டுகிறவரை நாய்கள் எங்களை விடவில்லை. அந்த வாசம் அப்படி. அப்புறம் மேற்கேயிருந்து கச்சான் காற்று. வலப்பக்கமிருந்து மண்ணை வாரி அடித்தது. "ஏலே, எனக்கு எடப்பக்கம் ஒதுங்கி வா. காத்த நான் வாங்கிக்கிடுதேன்" என்றான் சேவியர். நான் பின்தங்கிப் பின்தங்கிச் சேர்ந்தேன். காதர் வேகத்தைக் குறைத்து எனக்குப் பின்னால் போய்விட்டான்.

"இப்ப நான்தான் மூணாவது. போதுமா? பயப்படாம மிதி."

நம்பமாட்டீர்கள், அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கால் முளைத்துவிட்டது. ஆற்றுப்பாலம் தாண்டி ஆத்தூர் வரைக்கும் பறந்தேன். முன்னால் ஒரே ஓர் அணிதான், அதையும் பிடித்துவிட்டோம்.

அங்கேதான் பின்னால் கடக்கென்று ஒரு சத்தம். "ஏலே... செயினு!" என்று காதர் கூப்பிட்டான்.

கேட்டது. காற்றுச் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்றால் மறுபடி நான்தான் கடைசி. அவன் இல்லாமல் போய் ஒரு புண்ணியமும் இல்லை என்பதே மண்டையில் ஏறவில்லை. சேவியர் தலையைக் குனிந்து மிதித்தபடியே கேட்டான், "காதர் வாரானா?"

"வாரான், வாரான்" என்றேன். திரும்பவே இல்லை.

கோட்டைத் தொட்ட முதல் இரண்டு பேர் நாங்கள்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். நோட்டு வைத்திருந்தவர், "மூணாவது ஆளு எங்கப்பா?" என்றார். பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு பெரியவர் எங்களைப் பார்க்கவில்லை, எங்களைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அணி வந்தது, இன்னோர் அணி வந்தது. எல்லோரும் வந்து முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது காதர் வந்தான். அறுந்த செயினைத் தோளில் போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. செயின் பூராவும் எண்ணெயும் மண்ணும் அப்பிக்கிடந்தது. பெரியவர் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தார். "வா மவனே, வீட்டுக்குப் போவோம்."

போகிறபோது காதர் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீ மூணாவது இல்லல்லா? அது போதும்."

அதற்கு அவன் என் கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம்.

அடுத்த வாரம் அவன் போய்விட்டான். இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் 'இன்னும் சைக்கிள் மிதிக்கிறாயா' என்று கேட்டிருந்தான். அன்று அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது என்று எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் அங்கேயே மண்ணாகிவிட்டான். போன வருஷம் சேவியரும் போனான். சுறா எண்ணெய் பூசிய தோணிகள் இல்லை. நாய்கள் துரத்திய ரோட்டில் இப்போது கன்டெய்னர் லாரிகள்.

அந்தக் குண்டுப் பையன் போன பிறகு, பால் பாக்கெட்டோடு நானும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.