ஒன்பது வெள்ளிக்கிழமை என் வாயை ஆத்தாவிடம் கொடுத்தேன்

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. என் மகள் பவித்ராவைக் காலை ஏழே கால் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு ஏற்றிவிட்டேன். ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் வந்து நிற்கிறாள். பாதி வழியில் ஆதனக்கோட்டையில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறாள். கழுத்தில் கிடந்த காலேஜ் அட்டையைக் கழற்றி அரிசி டின் மேல் வைத்தாள். "இனிமே போகலம்மா" என்றாள். அவ்வளவுதான். பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஒன்பதாவது வரை படித்தவள். முந்திரிக்கொட்டை உடைப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் டிரைவராக இருக்கிறார். பவித்ரா எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் படி ஏறிய முதல் பெண் அவள்தான்.

அவள் எடுத்த படிப்பு இங்கிலீஷும் ஆபீஸ் வேலையும் சேர்ந்தது. காலையில் இங்கிலீஷ் பாடம். மதியத்துக்கு மேல் ஒரு அறையை அப்படியே ஆபீஸ் மாதிரி வைத்திருக்கிறார்கள். மேஜை, கம்ப்யூட்டர், ஃபைல் அடுக்கும் பீரோ, வருகிறவர் உட்கார நாற்காலி எல்லாம் உண்டு. ஒருநாள் ஒரு பிள்ளை மேனேஜர், ஒரு பிள்ளை கணக்கர், ஒரு பிள்ளை முன்னால் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். பக்கத்து அறையிலிருந்து பாடம் நடத்தும் மேடம் யாரோ போலப் போன் போடுவார். அந்த அறைக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது சட்டம். படித்து முடித்து வெளியே போனால் ஆபீஸில் வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான்.

என் மகள் இங்கிலீஷில் கடிதம் எழுதினால் வகுப்பிலேயே முதல் மார்க். டைப் அடிப்பதில் அவள்தான் வேகம். ஆனால் வாயைத் திறந்து பேச வராது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை. போன் மணி அடிக்கும், எடுப்பாள், காதில் வைப்பாள், அப்படியே நிற்பாள். அந்தப் பக்கம் மேடம் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாராம். இவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்குமாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளுக்கு சைலன்ட் மோடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரிடாரில் போனால், "ஏய், சைலன்ட் மோடு போகுது, வைப்ரேஷனாவது வருதான்னு பாரு" என்பார்களாம். மூன்றாம் வருடத்தில் இரண்டு மாதம் நிஜ ஆபீஸுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் சேர்க்கும் நேரத்தில்தான் இவள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள்.

என் நாத்தனார் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். என்னோடு சேர்ந்து முந்திரி உடைப்பவர். "வராத படிப்பை ஏன் செல்வி இழுத்துப் புடிக்கிற. எம் மகனுக்குக் கட்டிக் குடுத்துரு. அவன் இங்கிலீசுலயா பேசச் சொல்லப் போறான்" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. முறை உள்ளவர், கேட்கிறார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் அவரும், "புள்ளைய அழ வைக்காத. முடியலைன்னா நிப்பாட்டிரு" என்றார். எனக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. அவளுக்கு நிஜமாகவே படிப்புப் பிடிக்காவிட்டால் நானே நிறுத்தியிருப்பேன். அவளுக்குப் பிடித்திருக்கிறது. தொண்டைக்குள் நிற்கிறது, வெளியே வரவில்லை. அதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கலாமா?

அந்த வாரம் ஆடிக் கடைசி வெள்ளி. எங்கள் ஊர் மாரியாத்தா கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூட்டம் கலைந்த பிறகு சன்னதிக்கு முன்னால் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். என்ன கேட்பது என்று யோசித்துப் போகவில்லை. அதுவாக வந்தது. "ஆத்தா, எம் புள்ளைக்கு வாய் குடு. அதுக்கு ஈடா எம் வாயை ஒங்கிட்டயே வச்சுக்க" என்றேன். ஒன்பது வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து கோயிலில் சாயந்திரம் விளக்கு ஏற்றும் வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அதனால் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. பவித்ராவிடம்கூட, குடும்பத்துக்காக என்று மட்டும் சொன்னேன். அழுது கெஞ்சி அவளைத் திரும்பவும் காலேஜுக்கு அனுப்பினேன். போனாள். ஆனால் போன் நாற்காலி முறை வருகிற நாள் மட்டும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள்.

பேசாமல் இருப்பது லேசு என்று நினைத்தேன். முந்திரி உடைக்கிற இடத்தில் பேச்சுத்தான் எங்களுக்குச் சோறு தண்ணீர் எல்லாம். நான் தலையைக் குனிந்து உடைத்துக்கொண்டே இருப்பேன். நாத்தனார் என் முன்னால் வந்து குந்திக்கொண்டு, "யாரு பெத்த மகராசன் ஒன் வாயக் கட்டிப் போட்டான்? என் வீட்டு ஆளுக்கும் கட்டிவிடச் சொல்லேன், புண்ணியமாப் போகும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொள்வேன். மீன்காரர் கட்டுமாவடியில் இன்று பிடித்த மீன் என்று சொல்லி நேற்றைய மீனை என் பையில் போட்டுவிட்டுப் போன நாளும் உண்டு. சண்டை போட வழியில்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது அழுகைதான் வந்தது. நான்கு வெள்ளி போயிற்று. பிள்ளையிடம் ஒரு மாற்றமும் இல்லை.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை சாயந்திரம் காலேஜிலிருந்து மேடம் போன் செய்தார். பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலை நாளையோடு முடிக்கிறார்களாம். பவித்ரா பெயரைச் சேர்ப்பதா, எடுப்பதா என்று அம்மாவை வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டுமாம். பெயர் இல்லை என்றால் அந்த வருடப் படிப்பே முழுமை ஆகாது. "காலைல பத்து மணிக்குக் கட்டாயம் வந்துருங்க" என்றார். நான் பயத்தில், "சரிங்க மேடம், வந்துர்றேங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

பவித்ரா என்னையே பார்த்தாள். "நீ நாளைக்குப் பேச மாட்டியேம்மா. பெறகு எதுக்கு வாரேன்னு சொன்ன?" என்றாள். திரும்பப் போன் போட்டேன். மேடம் எடுக்கவில்லை. பூசாரி வீட்டுக்கு ஓடினேன். அவர் நல்ல மனிதர். "அவசரத்துக்குப் பேசிட்டு வந்துரு தாயி. பங்குனியில ஒரு பால்குடம் எடுத்துரு. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார். வீட்டுக்கு வந்தேன். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள், அது எனக்கும் தெரியும். ஆனால் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கேட்டதை மட்டும் தா என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? விடிவதற்குள் ஒரு யோசனை வந்தது. பவித்ராவின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். வாயால் சொன்னால்தானே பலிக்காது, எழுதினால் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மேடம் தமிழ் ஆள்தான், படித்துக்கொள்வார் என்று தைரியம்.

மேடம் எங்களை அந்த ஆபீஸ் அறையிலேயே உட்காரச் சொன்னார். அங்கே இன்னொரு அம்மாவும் இருந்தார். நரைத்த தலை, காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி. பெங்களூரிலிருந்து வந்தவர். பயிற்சிக்குப் பிள்ளைகளை எடுக்கிற கம்பெனியின் ஆள். தமிழ் தெரியாது. நான் தாளை மடியிலிருந்து எடுப்பதற்குள் பிரின்சிபால் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்துவிட்டது. "இதோ வந்துர்றேன், பேசிட்டு இருங்க" என்று சொல்லி மேடம் எழுந்து போய்விட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மறுபடி கேட்டார். நான் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து, அவருக்கு என்ன புரியும். பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மா பேனாவை எடுத்து, எதிரே கிடந்த பட்டியலில் என்னவோ எழுதப் போனார். என் வைராக்கியத்தால் பிள்ளை வாழ்க்கை போகிறதே என்று நினைத்தேன். பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தே விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஆத்தா மேல் சத்தியம். பேச்சு நாக்கு மேலே வந்துவிட்டது.

அந்த நேரம் அந்த அம்மா தாளைப் பவித்ரா பக்கம் தள்ளினார். நீ படித்துச் சொல் என்பது போலக் கையைக் காட்டினார்.

பவித்ரா தாளை எடுத்தாள். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மேடம் அவர்களுக்கு வணக்கம். இன்று நான் பேசக்கூடாது. என் மகளுக்கு இங்கிலீஷ் பேச்சு வரவேண்டும் என்று ஒன்பது வெள்ளி என் வாயை மாரியாத்தாவிடம் கொடுத்திருக்கிறேன். இது அவளுக்குத் தெரியாது. அவள் நல்ல பிள்ளை. பெயரை எடுத்துவிடாதீர்கள்."

படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, "மேடம், மை மதர்" என்றாள். நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பவும், "மை மதர்" என்றாள். அப்புறம் வந்தது. திக்கித் திக்கி வந்தது. நடுநடுவே நின்று நின்று வந்தது. ஆனால் வந்துகொண்டே இருந்தது. எனக்குப் புரிந்த வார்த்தை மூன்றுதான். மதர், காட், ஃபார் மீ. அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். இவள் பதில் சொன்னாள். இன்னொரு கேள்வி. இன்னொரு பதில். சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால் இருந்தது, பத்தே முக்கால் ஆயிற்று. மேடம் திரும்பி வந்து கதவருகே நின்றவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா எழுந்து என் கையைப் பிடித்து என்னவோ சொன்னார். பவித்ராவிடம் தமிழில் சொல்லச் சொன்னார். "தப்பு இல்லாமப் பேசுறவங்க அவங்களுக்கு நெறையப் பேரு கெடைப்பாங்களாம்மா. பயந்துக்கிட்டே விடாமப் பேசுறவங்க கெடைக்கிறதுதான் கஷ்டமாம். என்னைய எடுத்துக்கிறாங்களாம்" என்றாள். நான் அழுதேன். அழுவதற்கு வேண்டுதலில் தடை இல்லையே. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லம்மா" என்றாள். நான் பதில் சொல்ல முடியாமல் அவள் கையைத் தடவிக்கொடுத்தேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த வாரம் போன் நாற்காலியில் உட்கார்ந்தவள், கூப்பிட்ட ஆளிடம் குட் ஆஃப்டர்நூனுக்குப் பதில் குட் நைட் என்று சொல்லிவிட்டாளாம். வகுப்பே சிரித்ததாம். "நானும் சிரிச்சுட்டேம்மா" என்றாள். அதுதான் மாற்றம். மிச்சம் இருந்த வெள்ளிக்கிழமைகளில் காலேஜ் விட்டு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் முந்திரி உடைக்க உடைக்க, அன்று நடந்ததை எல்லாம் இங்கிலீஷிலேயே சொல்வாள். எனக்கு ஒன்றும் புரியாது. குறுக்கே கேட்கவும் முடியாது. "ஒங்கிட்டப் பேசுறதுதாம்மா வசதி. நீ சிரிக்கவும் மாட்ட, திருத்தவும் மாட்ட" என்பாள். பேசாமல் இருக்கும் என் முன்னால் பேசிப் பேசித்தான் அவளுக்கு வாய் பழகியது. நான் கொடுத்ததை ஆத்தா வாங்கி என் பிள்ளைக்கு எப்படிக் கொடுத்தாள் பாருங்கள். கொடுக்கும்போது எனக்கு அது தெரியவில்லை.

நாத்தனாருக்கும் விஷயம் தெரிந்தது. ஒன்பதாவது வெள்ளிக்கு அவரே கோயிலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். விளக்கு ஏற்றியதும், "இனிமே பேசு செல்வி. ஒன்பது வாரமா எனக்குச் சண்டைக்கு ஆளில்ல" என்றார்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பவித்ரா பயிற்சிக்குப் போனாள். படிப்பை நல்லபடியாக முடித்தாள். இந்த வைகாசியில் புதுக்கோட்டையிலேயே ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெளியூரிலிருந்து வருகிற போன்களை எடுத்துப் பதில் சொல்வதுதான் அவள் வேலை. கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று அவள் அப்பாவே சொல்லிவிட்டார்.

நான் மாறிவிட்டேன். முன்பெல்லாம் ஆத்தாவிடம் கேட்கத்தான் போவேன். இப்போது வெள்ளிக்கிழமை போனால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காமல் நிற்கிறேன். வேண்டுதல் முடிந்த பிறகும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

என்னைப் போலவே வாயைக் கட்டுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அவரவருக்கு முடிந்ததை அவரவர் கொடுக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படிப்பு வராமலோ பேச்சு வராமலோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தால், அதைத் திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ஆத்தா சன்னதிக்குப் போய் நில்லுங்கள். நான்கு வாரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். நின்றுகொண்டே இருங்கள். பிள்ளை வாய் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.