வளவும் வளாகமும்

காட்டோரமா இருக்கிற எங்கட ஊர் கப்பல்துறையில, முன்வீட்டுச் சீதேவியக்காவுக்கு உலகத்தில ஒரே பயம் யானைதான். புருசன் யானை அடிச்சுத்தான் செத்தவர், அதுவும் சொந்த வேலியடியில. அதுக்குப் பிறகும் அக்கா வேலியடைச்ச அந்த வீட்டு வளவிலதான் தனிய இருந்தவ.

மாணவர் கூடிக்கொண்டு போகினம், இடம் காணாது எண்டு பல்கலைக்கழகத்தை எங்கட பக்கம் பெருப்பிக்க வெளிக்கிட்டினம். திட்டப் படத்தோட வந்த அதிகாரி அக்காவின்ர முற்றத்தில நிண்டு, "அம்மா, உங்கட காணி வளாகத்துக்குள்ள வருது. சுத்திவர மதில் கட்டுவம்" எண்டார். அக்கா ஓடிப்போய்க் கதிரை கொண்டந்து போட்டு, தேத்தண்ணி குடுத்து, கையெழுத்தும் வைச்சா.

"வளாகமெண்டால் வளவுதானே. படிச்ச ஆக்கள் அப்பிடிச் சொல்லுவினம். இனி யானைப் பயமில்லை" எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு, அண்டைக்கே வாழைக்குட்டியும் நட்டா.

தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிச்ச அந்த மனிசன், வீடு உடைபடும் எண்டு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லேல்லை. படத்தில அவவின்ர வீடே இல்லை. அந்த இடத்தில விடுதியெண்டு ஒரு மஞ்சள் பெட்டி.

வீட்டை இடிச்சு மதிலை எழுப்பினாங்கள். அக்கா மதிலுக்கு வெளியில தகரக் கொட்டில் போட்டா. பழைய பாதை அடைபட்ட யானையள் இப்ப மதிலோரமாத்தான் வருகுதுகள்.

போன மாரியில ஒரு பின்னேரம் யானை கொட்டிலைச் சரிச்சுப் போட்டுது. அக்கா ஓடிப்போய்ப் பெரிய கேற்றில தட்டினா. நானும் பின்னால ஓடினன்.

"தம்பி, யானை நிக்குது. உள்ளுக்கு விடுங்கோ!"

காவலாளி கேற்றைத் திறக்கேல்லை.

"வெளியாக்கள் வளாகத்துக்குள்ள வர ஏலாது, அம்மா."