பதில்களை மட்டும் வாசித்தவர்

வைத்தியநாதன் மறைந்த செய்தியைப் பகல் நேர வானொலியில்தான் கேட்டேன். மாநிலங்களவையின் முன்னாள் உறுப்பினர், எர்ணாகுளத்தில் மகன் வீட்டில் காலமானார் என்று இரண்டே வாக்கியம். அடுத்து மழை நிலவரத்துக்குப் போய்விட்டார்கள். அவைத் தலைவர் மூன்று முறை மணி அடித்தாலும் "இதோ முடிக்கிறேன்" என்று சொல்லி இன்னும் பத்து நிமிடம் பேசக்கூடிய மனிதருக்கு இரண்டு வாக்கியமா! வந்த கோபத்தில் வானொலியை அணைத்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

சற்று நேரத்தில் சாயாக்கடை ஹம்ஸா வாசலில் வந்து நின்றார். பட்டப்பகலில் அவர் கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை. "பத்மேச்சி, நம்மட சாமி போயி" என்றார். எங்கள் ஊரான மட்டாஞ்சேரியில் வைத்தியநாதனை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மலையாளிகளுக்கும் கொங்கணிக்காரர்களுக்கும் குஜராத்தி சேட்டுகளுக்கும் தமிழர்களான எங்களுக்கும் அவர் சாமிதான். டெல்லிக்குப் போன பிறகு எம்.பி. சாமி ஆனார். பதவி முடிந்தும் அந்தப் பெயர் மாறவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு மிளகுத் தரகரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். ஒரு மதியம் கையில் ஒரு கட்டுத் தாளோடு சாமி படியேறி வந்தார். "கைவேலை ஒழிஞ்சா இதை அடிச்சுத் தரியா?" என்றார். மாநிலங்களவை விவாதத்தின் பிரதி அது. அவர் பேசியது நான்கு பக்கம், அமைச்சரின் மறுமொழி ஒன்பது பக்கம். அவர் பேச்சை மட்டும் அழகாக அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டியவர் முகம் சுருங்கிவிட்டது.

"மந்திரி சொன்னது எங்கே?"

"அது எதுக்கு சார்? உங்களைத் திட்டியில்லா வச்சிருக்காங்க."

"திட்டினதையும் சேர்த்து அடி. அவா பக்கத்தை நாம வெட்டினா, நம்ம பக்கத்தை யாரு நம்புவா?"

ஒன்பது பக்கத்தையும் உட்கார்ந்து அடித்தேன். அன்று பிடித்த வேலை அவருடைய இரண்டு பதவிக் காலமும் என்னை விடவில்லை.

அந்தத் தாள்கள் எதற்கு என்பதைப் பிறகுதான் கண்டேன். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, சுக்குக் கிடங்கின் மாடியில் ஊர் கூடும். தான் சபையில் என்ன பேசினார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார். ஆங்கிலத்தைத் தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் பேச்சில் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே போவார். ஆனால் சபை மரியாதை அங்கேயும் உண்டு. நடுநிலையான ஆள் என்று ஹம்ஸாவைத் தலைவராக உட்கார வைத்திருந்தார். யார் எதைக் கேட்பதானாலும் தலைவரைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும். ஹம்ஸா சாயா கிளாஸில் கரண்டியைத் தட்டினால் எல்லாரும் உட்காரவேண்டும், சாமி உட்பட. ஒரு தடவை மைத்துனர்கள் இருவர் மாடிக்கு வந்து வேலித் தகராறைத் தொடங்கினார்கள். "தலைவர் அவர்களே, இந்தக் கள்ளனிடம் சொல்லுங்கள்" என்று ஆளுக்கொரு முறை ஹம்ஸாவைப் பார்த்துக் கத்தி, கடைசியில் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அவரைத் தெரியாதவர்கள் அவர் சாதித்தது என்ன என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாக்களில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. தன் ஆங்கிலத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இரண்டு சொல்லில் முடிவதை ஆறு சொல்லில் சொல்லுவார். அரிசி விநியோகம், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பி ஏமாற்றும் ஏஜெண்டுகள், துறைமுகத் தொழிலாளர்களின் ஓய்வூதியம் என்று எந்த விவாதத்தில் எழுந்தாலும் எங்கள் தெருவிலிருந்து ஒரு ஆளையாவது இழுத்துக்கொண்டு போய்விடுவார். மாண்புமிகு உறுப்பினருக்கு மட்டாஞ்சேரியை விட்டால் இந்தியாவே கிடையாதா என்று ஒரு அமைச்சர் கேலி செய்தார். "மட்டாஞ்சேரியில தீராதது தேசத்துல எப்படித் தீரும்?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அந்தக் கேலியையும் மாடியில் முழுக்க வாசித்துவிட்டுத்தான் தன் பதிலை வாசித்தார்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. துறைமுகச் சங்கத்தில் இருந்த என் அண்ணன் மாணிக்கத்தை, மதியம் சோறுண்ண வீட்டுக்கு வரும் வழியில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே, எதற்கு, இருக்கிறானா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. எந்த நிலையத்தில் கேட்டாலும் இங்கே இல்லை என்பார்கள். அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அலுவலகத் தாள் ஒன்றை மடித்துக் கொண்டுபோய், அண்ணன் கடிதம் என்று நானே கற்பனையாக வாசித்தேன். மூன்றாவது கடிதத்தில் பிடித்துவிட்டாள். "மாணிக்கம் என்னைக்குடீ இத்தன மரியாதயா பேசியிருக்கான்?" என்றாள். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை.

சாமியிடம் போனேன். அவர் உடனே வாக்குக் கொடுக்கவில்லை. "சபையில பேரைச் சொன்னா, அந்தக் கோவத்தை அவன்மேல காட்டினாலும் காட்டுவா. சொல்லாம விட்டா, அப்படி ஒருத்தன் இருக்கான்னே யாருக்கும் தெரியாது. அவன் உன் அண்ணன், நீயாக்கும் சொல்லணும்" என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் அவருடைய உரையைத் தட்டச்சு செய்தபோது, அண்ணன் பெயரை முழுதாக, அப்பா பெயரோடும் வீட்டுப் பெயரோடும் நானே அடித்தேன். அந்த ஒரு வரியில் மூன்று பிழை. தாளை மாற்றித் திரும்பவும் அடித்தேன்.

அவர் பேசினார். ஆனால் எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை, வரவும் விடமாட்டார்கள். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற காலம் என்பதால் அவரும் ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து டெல்லியிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே விவாதத்துக்கு அமைச்சர் அளித்த மறுமொழி மட்டும். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "பிழையில்லாமல் அடித்து வைக்கவும்." ஏழாவது பக்கத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வரி வந்தது. உறுப்பினர் குறிப்பிட்ட மாணிக்கம் காவலில் இருக்கிறார், நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார். அலுவலகம் என்றும் பாராமல் இயந்திரத்தின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னால், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நாலாம் கடுதாசியாக்கும்?" என்றாள்.

கூட்டத்தொடர் முடிந்து சாமி ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, மாடியில் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிப் பேச்சை வாசித்தால் சாமியையும் கூட்டிக்கொண்டு போக உத்தரவு. "மந்திரி பறஞ்சது மாத்ரம் வாயிச்சா மதி, சாமி" என்றார். அதுவும் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். சாமி பெரிய பணிவோடு தலையாட்டினார். "அப்படியே ஆகட்டும். மந்திரி சொன்னது மட்டும்." நான் அடித்த தாள்களைப் பிரித்து, முன்னும் பின்னும் இல்லாத பதில்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று தெரியாமல் ஜனம் விழித்தது. ஏழாவது பக்கத்துக்கு வந்தவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து நின்றாள். வேண்டாம் என்று நான் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. தெருவில் 'டேய் ஹம்ஸா' என்று கூப்பிடுகிறவள், அன்று அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தலைவரே, என் புள்ள மாணிக்கம் உசிரோட இருக்கானா?"

ஹம்ஸா சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹம்ஸா கிளாஸைத் தட்டி, "சாமி உத்தரம் பறயட்டே" என்றார். பதில் சொல்லும்படி உத்தரவு.

"அமைச்சர் சொன்னது" என்று தொடங்கி, சாமி அந்த வரியை ஆங்கிலத்தில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை, பிறகு அம்மாவைப் பார்த்துத் தமிழில் ஒரு முறை வாசித்தார். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லித் தலைவரைக் கேட்டாள். வாசித்தார். அதற்குப் பிறகு மாடி முழுக்க எழுந்துவிட்டது. அரிசி என்ன ஆச்சு, அடைத்துவைத்த மற்றவர்கள் எங்கே, சங்க ஆபீஸை எப்போது திறப்பார்கள் என்று ஆளாளுக்குத் தலைவரைக் கேட்டார்கள். சாமி தாளைப் புரட்டிப் புரட்டி அமைச்சரின் பதிலை வாசித்தார். தன் பேச்சிலிருந்து அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. டெல்லியில் அவர் கேட்டதையெல்லாம் அன்று ஊரே கேட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு தானாக வந்து உட்கார்ந்தாள்.

நெருக்கடி நிலை முடிந்து அண்ணன் திரும்பி வந்தான். இடது கை நேராக நிமிரவில்லை. நீண்ட நாள் கழித்து ஒரு நாள் என்னிடம் சொன்னான்: "திடீர்னு ஒரு வாரம் டாக்டர வரவச்சுக் காட்டினாங்க, பத்மா. அதோட அடி நின்னுச்சு. ஏன்னு இன்னும் எனக்கு மனசிலாகல." எந்த வாரம் என்று கணக்குப் பார்த்தேன்; மந்திரி சபையில் பதில் சொன்ன அதே வாரம். சாமியிடம் ஓடினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அவன் எங்கேன்னு தெரிஞ்சுக்கவா நான் எழுந்தேன்? நன்னா இருக்கான்னு மந்திரி வாயால சபைக் குறிப்புல ஏத்தணும். ஏறிடுத்துன்னா, அப்பறம் அவனை நன்னா வச்சுக்கணுமே. மந்திரியைப் பொய்யனாக்க எந்த ஜெயிலருக்குத் தைரியம் வரும்?"

எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து, வாக்கெடுப்பில் எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்த மனிதர் அவர். தோற்றபடியே என்ன செய்ய முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு அண்ணன் எதிர் முகாமுக்குப் போய், அதே மாடியில் எழுந்து நின்று சாமியைக் கிழிகிழியென்று கிழித்தான். நான் வெட்கத்தில் தலை குனிந்திருந்தேன். சாமி ஒவ்வொரு வார்த்தையையும் குறித்துக்கொண்டு, "இதையும் விடாம அடிச்சு வை" என்றார்.

அவருடைய தாள்களை மகன் எடுத்துப்போய்விட்டார். புகைப்படம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இன்று காலை, சாயாவில் சர்க்கரை போதவில்லை என்று அண்ணன் என்னோடு சண்டை போட்டான். அறுபத்திரண்டு வயது, கொஞ்சமும் மரியாதை இல்லாத வாய். சாமி எனக்கு விட்டுப்போனது அவனைத்தான்.